மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு ரவுட்டரும், கூடவே ஒரு ஃபயர்வாலும்

டிஸ்கி: பார்க்கத் தொழில்நுட்பப் பதிவு மாதிரி இருக்கும். எழுதுறவன் கணக்கு எழுதிப் பொழைக்கிற ஆசாமி. நெட்வொர்க் படிச்ச புண்ணியவான்கள் கோவிச்சுக்காம படிக்கவும் :-)

"மாப்ளே, போன்ல குரோம் பழசாயிருச்சாம். புதுசு போடணுமாம். நானும் அமுக்கிப் பாக்கிறேன், ஏதோ அனுமதி குடு குடுன்னு கேக்குது. குடுத்துரவா?"

ஞாயித்துக்கிழமை காலை. கையில் காபி, மடியில் பேப்பர். மாமனார் ரொம்ப சாதாரணமாத்தான் கேட்டார். நானும் "ம்ம்... போடுங்க மாமா"ன்னு சொல்லியிருப்பேன். 'அனுமதி' என்கிற வார்த்தைதான் என்னைக் காப்பாத்துச்சு. குரோம் அப்டேட் ப்ளேஸ்டோர்ல வரும், நடுவுல ஒரு வெப்சைட் வந்து 'வெளியாள் கொடுக்கிற ஆப்பை ஏத்த அனுமதி கொடு'ன்னு கெஞ்சாது. போனை வாங்கிப் பார்த்தா அவர் திறந்தது தினம் படிக்கிற செய்தித் தளம். வந்திருக்கிறது வேற பக்கம்.

என் போன்ல திறந்தேன், அதே பக்கம். வைஃபையை அணைச்சுட்டு சிம் டேட்டால திறந்தேன், செய்தித் தளம் ஒழுங்கா வந்துச்சு. மறுபடி வைஃபை, மறுபடி அந்தப் பக்கம். ஆக, போன்ல கோளாறு இல்லை. ரெண்டு நாளா தங்கமணி "ஏங்க, பாதி சைட்ல பாதுகாப்பு இல்லைன்னு சிவப்பா ஏதோ வருது"ன்னு சொன்னதுக்கும் விளக்கம் கிடைச்சிருச்சு. அன்னிக்கு நான் சொன்ன பதில், "நெட்டு சரியில்லம்மா, தானா சரியாயிடும்." (வீட்டு ஐ.டி. துறை இந்த லட்சணத்துலதான் நடக்குது.)

ரவுட்டரோட உள்பக்கத்தைத் திறந்தேன். பேரு அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வாங்கின நாள்லேர்ந்து அதேதான், நான்தான் மாத்தவே இல்லை. டி.என்.எஸ். கட்டத்துல நான் போடாத நம்பர் ரெண்டு உட்கார்ந்திருந்துச்சு.

டி.என்.எஸ். தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. நாம தளத்தோட பேரைத் தட்டுறோம், அந்தப் பேருக்கு உண்டான எண் முகவரியை யாராவது சொல்லணும். சொல்றவர்தான் டி.என்.எஸ். ஆட்டோ ஸ்டாண்டுல ஒருத்தரை நிறுத்தி "முருகன் கோயிலுக்கு எப்படிப் போறது"ன்னு கேட்டா, அவர் நம்மைத் தன் மச்சானோட கடைக்கு அனுப்பி வச்சா எப்படி இருக்கும்? அதான் இது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. 2018-ல காஸ்பர்ஸ்கி ஆளுங்க இதே ரகத்தை 'ரோமிங் மேன்டிஸ்'னு பேர் வச்சு அம்பலப்படுத்தினாங்க. ரவுட்டரோட டி.என்.எஸ்.ஸை மாத்தி, போலியா ஒரு குரோம் அப்டேட் பக்கத்தைக் காட்டி, ஆண்ட்ராய்டு போன்ல திருட்டு ஆப்பை ஏத்துற வேலை. அந்தப் பக்கத்தை 27 மொழியில தயார் பண்ணி வச்சிருந்தானுங்க. இந்தி உண்டு, வங்காளம் உண்டு. தமிழ் இல்லை. செம்மொழிக்கு திருடன்கிட்டகூட மரியாதை கிடையாது பாருங்க.

சிரிச்சாலும் அடிவயிறு கலங்கத்தான் செஞ்சுது. அந்த மாதிரி ஆப் ஏறினதும் செய்யுற முதல் வேலை எஸ்.எம்.எஸ். படிக்கிறது. ஓ.டி.பி. வர்றது எஸ்.எம்.எஸ்.ல. மாமனாரோட பென்ஷன் கணக்கு அந்த போன்லதான் இருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்கத்துக்கு உழைச்ச மனுஷன். என் சோம்பேறித்தனத்தால் ஒரு பட்டனை அமுக்கியிருந்தா போச்சு.

சரி, ரீசெட் அடிச்சு, பாஸ்வேர்டு மாத்தி, புது ஃபர்ம்வேர் போடலாம்னு தயாரிச்ச கம்பெனியோட தளத்துக்குப் போனா, கடைசி ஃபர்ம்வேர் 2016. பெட்டி நல்லா ஓடுது, பச்சை விளக்கு மினுக்குது, ஆனா பெத்தவங்க கைகழுவி இத்தனை வருஷம் ஆச்சு. இனி எந்த ஓட்டை கண்டுபிடிச்சாலும் அடைக்க ஆளில்லை. மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ணி நிதியமைச்சர்கிட்ட மனு போட்டேன். கேட்டது ஐயாயிரம், ஒதுக்கினது மூவாயிரம். அதுவும் அப்பா விஷயம்கிறதால.

இனிதான் பதிவே.

ரவுட்டர் வாங்கப் போறேன்னு சொன்னா போதும், நாலு பேர் நாலு திசைக்கு இழுப்பாங்க. (நம்ம கலைச்சொல் அன்பர்கள் ரவுட்டருக்குத் திசைவின்னு பேர் வச்சது தெரியாமலா!) முதல் ஆள் ஆபீஸ் நண்பர். "தல, ஃபைபர் கம்பெனிக்காரன் கொடுத்த டப்பாவுலயே வைஃபை இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?" நியாயமான கேள்விதான். பத்து வீட்டுல எட்டு வீட்டுக்கு அதுவே போதும்னுதான் நானும் சொல்வேன். என் வீட்டுல அந்த டப்பா ஹால் மூலையில பரணுக்குக் கீழே இருக்கு, ரெண்டு சுவர் தாண்டினா சிக்னல் செத்துடும். அதனாலதான் பழைய ரவுட்டரை அதுக்குப் பின்னாடி மாட்டி நடு ரூம்ல வச்சிருந்தேன்.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். அந்த டப்பா நம்மளது இல்லை. அதை கம்பெனி எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு மேய்க்குது. அவங்க ஒழுங்கா மேய்ச்சா நமக்கு வேலை மிச்சம். கோட்டை விட்டா நாம ஒண்ணும் பண்ண முடியாது. 2016 நவம்பர்ல ஜெர்மனியில டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரோட ரவுட்டர்கள் ஒரே சமயத்துல திணறிப் போச்சு. கம்பெனிங்க தூரத்துலேர்ந்து பெட்டியை மேய்க்கிறதுக்குன்னு திறந்து வைக்கிற வாசலைத்தான் அந்த வைரஸ் தட்டிக்கிட்டு வந்துச்சு. அதனால கம்பெனி டப்பாவை வாசல் கேட்டுன்னு வச்சுக்கலாம், வீட்டுக் கதவு நம்ம கையில இருக்கட்டும்னு நினைக்கிறவன் நான். அதிலும் அந்த அட்மின் பாஸ்வேர்டை மட்டும் கட்டாயம் மாத்திடுங்க மக்களே. 2017 ஜூலையில நம்ம பி.எஸ்.என்.எல். மோடம்கள் பெங்களூரு பக்கம் கொத்துக் கொத்தா படுத்தப்போ, அடி வாங்கினது எல்லாம் ஆலையில வச்ச பாஸ்வேர்டோட இருந்த பெட்டிங்கதான்.

ரெண்டாவது ஆள் நம்ம பெங்களூர் நண்பன். பொட்டி தட்டுற பய. "மச்சி, ரவுட்டரெல்லாம் பொம்மை. ஒரு பழைய பி.சி. எடு, ரெண்டு நெட்வொர்க் கார்டு சொருகு, பிஎஃப்சென்ஸ் போடு. ஆபீஸ் தரத்துல ஃபயர்வால். செலவு பூஜ்யம்." கேட்கவே தேனா இருந்துச்சு. பிஎஃப்சென்ஸ் நிஜமாவே நல்ல சரக்கு. எம்0என்0வால்னு ஒண்ணு இருந்துச்சு, 2004-ல அதுலேர்ந்து பிரிஞ்சு வந்தது இது. 2015-ல இதுலேர்ந்து பிரிஞ்சு போனது ஓபிஎன்சென்ஸ். (நம்ம ஊர் கட்சிகளை விடக் கம்மியாத்தான் உடைஞ்சிருக்கு.) இலவசம்.

பரண்ல 2004-ல வாங்கின பென்டியம் 4 இருக்கு. எறிய மனசு வராம வச்சிருக்கேன், அதுலதான் முதல்முதலா தமிழ் தட்டச்சினேன். இறக்கித் தூசி தட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, அது 32 பிட் ஆசாமி. பிஎஃப்சென்ஸ் 2017-லயே 32 பிட்டைக் கைவிட்டாச்சு. சரி, யார்கிட்டயாவது கொஞ்சம் புதுசா ஒரு பழசு வாங்கலாமான்னு யோசிச்சப்போ கணக்கப்பிள்ளை புத்தி வேலை செஞ்சது. ஒரு பழைய பி.சி. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும்னு வைங்க. நாள் முழுக்க, ரெண்டு மாசம். 86 யூனிட் சொச்சம். ரவுட்டர் 8 வாட்னா அதே ரெண்டு மாசத்துக்கு 12 யூனிட்டுக்கும் கீழே. 2022 செப்டம்பர்ல மின் கட்டணத்தை மாத்தினப்போ, ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் அடுக்குல கிடைக்கிற சலுகையும் சேர்ந்து போற மாதிரி வச்சாங்க. வெயில் காலத்துல ஏ.சி. போடுற வீடு, 500 பக்கத்துல ஊசலாடிக்கிட்டு இருக்கும். அதுல 86 யூனிட்டைக் கொண்டு போய்ச் சேர்த்தா? செலவு பூஜ்யமாம்ல பூஜ்யம்!

மின்சாரம் மட்டும்னா பரவாயில்லை. அதைவிடப் பெரிய கேள்வி, வீட்டுக்குத் தனியா ஒரு ஃபயர்வால் பெட்டி எதைப் பிடிக்கப் போகுது? வெளியிலேர்ந்து கூப்பிடாம வர்றவனை நிறுத்துறது சாதா ரவுட்டரே செய்யுற வேலை. உள்ளேயிருந்து யாரும் கேட்காத பொட்டலம் வந்தா தூக்கிப் போடும், அவ்வளவுதான் சமாச்சாரம். போதாக்குறைக்கு, நம்ம ஊர்ல பெரும்பாலான இணைப்புகளுக்கு நேரடி பொது முகவரியே கிடைக்கிறதில்லை. பழைய பாணி முகவரி மொத்தமே 429 கோடிதான், உலகத்துக்குப் பத்தலை. அதனால கம்பெனி ஒரு முகவரிக்குப் பின்னாடி பல வீட்டை அடைச்சு வைக்குது. உங்க ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைச்ச முகவரி 100.64-ல ஆரம்பிச்சு 100.127-க்குள்ள இருந்தா நீங்களும் அந்த ஒண்டுக்குடித்தனத்துலதான் இருக்கீங்க. கேமராவை வெளியூர்லேர்ந்து பார்க்கணும்கிறவங்களுக்கு இது தலைவலி. திருடன் நேரா கதவைத் தட்ட முடியாதுங்கிறது ஒரு லாபம்.

பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்குற வேலையைப் பெரிய ஃபயர்வால் செய்யும்ல என்பான் நண்பன். இன்னிக்கு வீட்டுக்குள்ள வர்றதுல ஏறக்குறைய எல்லாமே பூட்டு போட்டுத்தான் வருது. மூடின கவரை வெளியில நின்னு முகர்ந்து பார்க்கலாம், படிக்க முடியாது. ஆபீஸ்ல ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் தங்களோட சாவியை வச்சுத் திறந்து பார்ப்பாங்க. மாமனார் போன்ல நான் அதைச் செய்யப் போறேனா? இதை விடுங்க, என் வீட்டுல நடந்ததையே எடுத்துக்கோங்க. எதிரி எந்தப் பக்கமா வந்தான்? அநேகமா உள்ளேயிருந்துதான். 2022-ல அந்த ரோமிங் மேன்டிஸ் கும்பலே இப்படி ஒரு வித்தை பண்ணுச்சு. மாட்டின போன் எந்த வைஃபைல சேருதோ அந்த ரவுட்டருக்கு உள்பக்கமாப் போய், ஆலை பாஸ்வேர்டை அடிச்சு, டி.என்.எஸ்.ஸை மாத்தும். அப்போ அது குறி வச்சது தென்கொரியாவுல ஓடுற மாடல்களை. என் வீட்டுக்கு வராத விருந்தாளி இல்லை, எல்லாருக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருக்கேன். வாசல்ல கோட்டைச் சுவர் கட்டி என்ன புண்ணியம், பீரோ சாவி பீரோவுலயே தொங்கும்போது?

ஆக, முதல் முடிவு: தனி ஃபயர்வால் கிடையாது. மூவாயிரமும் ரவுட்டருக்கே. நண்பன் "போடா, பட்டிக்காட்டான்"ன்னுட்டான். பரவாயில்லை.

மூணாவது ஆள் கடைக்காரர். ரிச்சி தெருவுக்குப் போய் வருஷமாச்சு, ஆசையா போனேன். ஒரு கடையில நடந்த உரையாடல் அப்படியே:

"சார், இது நாலு ஆன்டெனா. இது ஆறு. கூட 400 ரூபாதான்."

"இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?"

"வாரண்டி மூணு வருஷம் சார்."

"வாரண்டி இல்லைங்க. சாஃப்ட்வேர் அப்டேட்டு..."

"அது ஆட்டோமேட்டிக்கா வரும் சார்."

"எதுவரைக்கும்?"

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜாதகம் கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி.

அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அட்டைப் பெட்டியிலயே இல்லையே! ஆறு ஆன்டெனா படம் இருக்கு. 1200-னு கொட்டை எழுத்துல இருக்கு. (அது 300-ஐயும் 867-ஐயும் கூட்டி, மேல ஏத்தி எழுதின நம்பர். ரெண்டு வேற அலைவரிசையோட வேகம். எந்த ஒரு போனுக்கும் 1200 கிடைக்காது. கட்டணமே 100 கட்டுறவங்களுக்கு அதுவும் தேவையில்லை.) எம்.ஆர்.பி. இருக்கு, தயாரிச்ச மாசம் இருக்கு, புகார் சொல்ல முகவரி இருக்கு. ஆனா இந்தப் பெட்டிக்கு எந்த வருஷம் வரைக்கும் ஓட்டை அடைச்சுத் தருவோம்னு ஒரு வரி இல்லை. ஆவின் பால் பாக்கெட்ல தேதி இருக்கு. இருமல் மருந்துல இருக்கு. வீட்டுப் பணமெல்லாம் போய் வர்ற பெட்டியில இல்லை.

இது என்ன நடக்காத காரியமா? பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29-லேர்ந்து சட்டமே இருக்கு. இணையத்துல சேர்ற வீட்டுச் சாமான் எதுவானாலும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வச்சு விக்கக்கூடாது, குறைஞ்சது எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம்னு வாங்குறவனுக்குச் சொல்லணும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கு, முழுசா நடைமுறைக்கு வர்றது 2027 டிசம்பர்ல. அதுல பொதுவா அஞ்சு வருஷமாவது ஆதரவு தரணும்னு இருக்கு. அதே கம்பெனிங்கதான் இங்கேயும் விக்கிறாங்க. அங்கே எழுதிக் கொடுக்க முடிஞ்சது இங்கே அட்டையில அச்சடிக்க மை இல்லையா?

கைவிடப்பட்ட பெட்டியால என்ன ஆகும்னா, நம்ம பணம் மட்டும் இல்லை விஷயம். 2025 மே மாசம் அமெரிக்க எஃப்.பி.ஐ. ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. ஆதரவு முடிஞ்சு போன பழைய ரவுட்டர்களைக் கைப்பற்றி, அதையே முகமூடியா வாடகைக்கு விடுறாங்க, அப்படிப்பட்ட பெட்டியை மாத்துங்கன்னு. அதாவது எவனோ பண்ற களவாணித்தனம் உங்க வீட்டு முகவரியிலேர்ந்து போன மாதிரி பதிவாகும். போலீஸ் வந்து கதவைத் தட்டினா, "சார் என் ரவுட்டருக்கு 2016-க்கு அப்புறம் அப்டேட் வரலை"ன்னு சொல்லிப் பாருங்க. ஏட்டய்யா டீ வாங்கிக் கொடுப்பார்.

அட்டையில தேதி இல்லாதப்போ நம்ம எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குத் தோணின வழி மாப்பிள்ளை பார்க்குற வழிதான். மாப்பிள்ளையைப் பார்த்தா என்ன தெரியும், சட்டை போட்டுக்கிட்டு சிரிப்பார். அவரோட அண்ணன் எப்படிக் குடும்பம் நடத்துறார்னு விசாரிக்கணும். அந்தக் கம்பெனி அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே விலையில வித்த ரவுட்டரைத் தேடி, அதோட டவுன்லோட் பக்கத்துல கடைசி ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்க. சில கம்பெனிங்க ஒண்ணே முக்கால் வருஷத்துல கதையை முடிச்சிருக்கும். சிலது பரவாயில்லை. கடை வாசல்ல வெயில்ல நின்னுக்கிட்டு அரை மணி நேரம் இதைத்தான் பார்த்தேன். எட்டு மாடல்ல மூணு மிஞ்சுச்சு.

அந்த மூணுல ஒண்ணை எடுக்க வேற ஒரு கதவு உதவுச்சு. பழைய ஆளுங்களுக்கு லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ஞாபகம் இருக்கும், நீலமும் கறுப்புமா ரெண்டு கொம்பு வச்ச பெட்டி. 2002 கடைசியில வந்தது. 2003-ல அதைக் குடைஞ்சவங்க, உள்ளே இருக்கிறது லினக்ஸ்னு கண்டுபிடிச்சாங்க. லினக்ஸை எடுத்துப் பெட்டியில போட்டு வித்தா அதோட மூலநிரலைக் கேட்கிறவங்களுக்குக் கொடுக்கணும், அதான் அந்த உரிமத்தோட விதி. சத்தம் போட்டாங்க. அதே வருஷம் லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோவுக்கு வேற வழியில்லாம மூலநிரலை வெளியிட வேண்டியதாப் போச்சு. அதுலேர்ந்து 2004-ல முளைச்சதுதான் ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. பெத்த கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கெல்லாம் சோறு போடுற அனாதை ஆசிரமம் மாதிரி, இருபது வருஷம் தாண்டியும் நடக்குது. யாரோ எங்கேயோ ராத்திரி உட்கார்ந்து, சம்பளம் இல்லாம, நான் காசு கொடுத்து வாங்கின பெட்டிக்கு ஓட்டை அடைக்கிறாங்க. இதை நினைச்சா எனக்கு எப்பவும் கொஞ்சம் நெகிழ்ச்சியாயிடும்.

ஆனா எல்லாப் பெட்டியையும் ஆசிரமத்துல சேர்த்துக்க மாட்டாங்க. இடம் வேணும். 4 எம்.பி. ஃப்ளாஷ், 32 எம்.பி. ராம் இருக்கிற பழசுகளை எப்பவோ கைவிட்டாச்சு. என் பழைய பெட்டி அந்த ரகம். 16 எம்.பி. ஃப்ளாஷும் 128 எம்.பி. ராமும் இருந்தா நிம்மதி. இது அட்டையில இருக்காது, ஓபன்-டபிள்யூ.ஆர்.டி.யோட சாதனப் பட்டியல்ல மாடலைத் தேடினா இருக்கும். அப்படித் தேடும்போது மாடல் பேர் மட்டும் போதாது, பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கிற பதிப்பு எண்ணையும் பாருங்க. இது பழைய வியாதி. அந்த 54ஜி-யே 2005-ல அஞ்சாம் பதிப்பு வந்தப்போ ஃப்ளாஷை 4-லேர்ந்து 2 எம்.பி. ஆக்கி, ராமை 16-லேர்ந்து 8 ஆக்கி, லினக்ஸையும் தூக்கிட்டாங்க. பேர் அதே, பெட்டி அதே, விலை அதே. உள்ளே ஆள் மாறாட்டம். லினக்ஸ் வேணும்னு கேட்டவங்களுக்கு 54ஜி.எல்.னு தனியா வித்தாங்க. என்னா வியாபாரம்!

நான் என்ன மாடல் வாங்கினேன்னு இங்கே எழுதாததும் இதனாலதான். அடுத்த தீபாவளிக்கு அதே பேர்ல வேற வயிறு வந்து நிக்கும், நீங்க என்னைத் திட்டுவீங்க. மீடியாடெக் எம்.டி.7621-னு ஒரு சிப், ரெண்டு கோர், 880 மெகாஹெர்ட்ஸ். வயசான சிப்தான், ஆனா ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. காரங்களுக்கு அது சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. 16-க்கு 128. நாலு கேபிள் துளையும் கிகாபிட். (இதையும் பார்க்கணும். விலை குறைச்ச ரவுட்டர்ல வைஃபை 1200-ன்னு போட்டுட்டு கேபிள் துளையை 100-ல நிறுத்தி வச்சிருப்பாங்க. ஆறு வழிச்சாலைக்கு ஒத்தையடிப் பாதையில நுழையுற கதை.) நாலே ஆன்டெனா. பேரம் பேசி 2,350 ரூபாய்.

வாங்கிட்டு வந்து ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. போட்டியான்னு கேட்டா, இல்லை. போடலை. பெங்களூர்ப் பய இதுக்கும் சிரிச்சான். கம்பெனி இப்போதைக்கு அப்டேட் தருது, தானா ஏத்திக்கிற வசதியும் இருக்கு. நான் ஊருக்குப் போயிருக்கும்போது ஏதாவது மக்கர் பண்ணா தங்கமணி கடைக்காரரையே கூப்பிட்டுக் கேட்கலாம். கம்பெனி கையை விரிக்கிற அன்னிக்கு ஆசிரமத்துக் கதவு திறந்திருக்கும். அந்தக் கதவுக்குத்தான் காசு கொடுத்தேன். ஞாயித்துக்கிழமையைச் செலவழிச்சு, வீடு முழுக்க நெட் இல்லாம, பையன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு... இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போடலாம்.

மாட்டினதும் செஞ்சதைச் சொல்லிடறேன், காசு செலவில்லாத சங்கதிங்க. அட்மின் பாஸ்வேர்டு மாத்தி, அதைக் காகிதத்துல எழுதி, மளிகைக் கணக்கு நோட்டுல ஒட்டியாச்சு. திருடன் என் மளிகை நோட்டைப் பார்க்க வந்தா அவனுக்கு வேற பிரச்சனை இருக்குன்னு அர்த்தம். டி.வி., கேமரா, விருந்தாளிங்க எல்லாரையும் விருந்தாளி வைஃபைக்கு மாத்தியாச்சு. அங்கேயிருந்து ரவுட்டரோட உள்பக்கத்துக்குப் போக முடியாது. (மச்சினன் "என்ன அத்தான், என்னைத் தனியா உட்கார வச்சுட்டீங்க"ன்னான். விளக்கினேன். இன்னும் முழுசா சமாதானம் ஆகலை.) புது பாணி முகவரி, அதான் ஐ.பி.வி.6, அதுல ஒவ்வொரு போனுக்கும் நேரடி பொது முகவரி கிடைச்சிடும், ஒண்டுக்குடித்தனப் பாதுகாப்பு அங்கே கிடையாது. அதனால ரவுட்டர்ல அதுக்குண்டான ஃபயர்வால் ஓடுதான்னு தனியா பார்த்தேன். ஓடுது. ஆன் ஆகித்தான் வந்துச்சு, இருந்தாலும் கண்ணால பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

டி.என்.எஸ்.ஸுக்கு 9.9.9.9. குவாட்9-னு 2017-லேர்ந்து நடக்குற இலவசச் சேவை, தெரிஞ்ச திருட்டுத் தளங்களுக்கு வழி சொல்லாது. ரவுட்டர்ல போட்டதோட நிக்காம, எல்லார் போன்லயும் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்கிற இடத்துல இதையே கொடுத்தேன். ஆண்ட்ராய்டு 9-லேர்ந்து இந்த வசதி இருக்கு. இதைப் போட்டுட்டா நாளைக்கு ரவுட்டரையே எவனாவது மாத்தினாலும் போன் அவன்கிட்ட வழி கேட்காது. மாமனார் வெளியூர்ல யார் வீட்டு வைஃபைல சேர்ந்தாலும் இதே காவல் கூடவே போகும். பார்க்கப் போனா அன்னிக்கு மாமனார் போன்ல இது இருந்திருந்தா எனக்கு மூவாயிரம் கேட்க வாய்ப்பே வந்திருக்காது. (இதை நிதியமைச்சர்கிட்ட யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.)

மாமனாருக்கு மட்டும் ஒரு குறை. "அந்தப் பழசு நல்லாத்தானே மாப்ளே ஓடிக்கிட்டு இருந்துச்சு, விளக்கெல்லாம் எரிஞ்சுதே"ன்னார். கேட்க சங்கடமாத்தான் இருந்துச்சு. அவருக்கு 1987-ல வாங்கின மர்ஃபி ரேடியோ இன்னும் பாடுது. பழைய பெட்டியைப் பழைய மின்சாமான் எடுக்கிறவங்ககிட்ட கொடுத்தாச்சு. கொடுக்குறதுக்கு முன்னாடி ரீசெட் அடிக்க மறக்கலை, அதுல நம்ம வைஃபை பாஸ்வேர்டு உட்கார்ந்திருக்கும்ல. 12 வோல்ட் அடாப்டரை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். ரவுட்டர் செத்துடுச்சுன்னு பல வீட்டுல நினைக்கிறப்போ நிஜமா செத்திருக்கிறது அதுதான், எப்பவாவது ஆகும்.

மிச்சம் 650 ரூபாய். பில்லோட சேர்த்து வச்சேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கிட்டாங்க.